ஐந்தாம் பாகத்தில் கலந்த பொய்



பந்தியில் நாலு கறியும் ருசியாக அமைந்து, கடைசியில் வந்த பாயசத்தில் உப்பு விழுந்திருந்தால் எப்படி இருக்கும்? சமைக்கத் தெரியாதவள் சமைத்ததென்றால் பேசாமல் எழும்பிக் கை கழுவிவிடுவோம். நன்றாகச் சமைக்கத் தெரிந்தவள் சமைத்தாள் என்பதால்தான் மனம் பொறுக்க மாட்டேனென்கிறது. இம்மாதம் நான் உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போவது அப்படியான ஒரு மனத்தாங்கலைத்தான்.

கனடாவிலிருந்து இரண்டு மாத விடுமுறையில் வந்திருந்த என் அக்காவின் மகள் தனது மடிக்கணினியில் ஓர் அமெரிக்கத் தொடர் நாடகத்தைக் கொண்டுவந்திருந்தாள். பெயர் 'த வயர்'. இரவுச் சாப்பாடு முடிந்தபின் நாளுக்கு ஓர் அத்தியாயம், சில நாட்களில் இரண்டு என்று பார்த்தோம். பக்கத்து வீட்டு மாமியும் வெற்றிலைத் தட்டத்தோடு வந்து அமர்ந்துகொள்வார். மாமிக்கு ஆங்கிலம் தெரியாது. எனக்குத் தெரிந்த ஆங்கிலமும் அந்தத் தெருப் பேச்சுக்குப் போதவில்லை. பெறாமகள் இடையிடையே நிறுத்தி விளக்கம் சொல்லுவாள். கெட்ட வார்த்தைகள் நிறைய உண்டு. அவற்றை அவள் விழுங்கிவிடுவாள் என்பது மாமிக்கும் தெரியும். கொலையும் இரத்தமும் வருகின்றன. ஆகவே பிள்ளைகளோடு இருந்து பார்க்கக்கூடிய நாடகமல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என்ன நாடகம் இது?

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் உள்ள துறைமுக நகரம் பால்ரிமோர். அங்கே நடக்கும் போதைவஸ்து வியாபாரத்தையும் அதைப் பிடிக்கப் புறப்படும் பொலிஸாரையும் பற்றியது கதை. 2002 ஜூன் மாதம் தொடங்கி 2008 மார்ச் மாதம் வரை எச்.பி.ஓ. தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகியது. ஐந்து பாகங்கள், மொத்தம் 60 அத்தியாயங்கள். 'வயர்' என்பது பொலிஸார் தொலைபேசிகளை ஒட்டுக்கேட்கும் ஏற்பாட்டைக் குறிக்கிறது.

இதை உருவாக்கியவர் டேவிட் சைமன். பால்ரிமோரின் நாளிதழான 'த சண்' பத்திரிகையில் 1995 வரை குற்றச் செய்தியாளராக இருந்தவர். அவருடன் சேர்ந்து எழுதிய எட் பேர்ன்ஸ் அதே நகரத்தில் கொலைக் குற்றங்களைத் துப்பறியும் பொலிஸ் அதிகாரியாக இருந்து, பின்னர் பாடசாலை ஆசிரியரானவர். ஆகவே இருவரும் கண்டதையும் கேட்டதையும் எழுதினார்கள். பொலிஸ் நிலையத்தின் உடைந்த கதிரை தொடக்கம் வகுப்பறையின் சூடு வரை எல்லாம் நேரில் அறிந்தவரின் கைபட்டவை.

முதலாம் பாகம் மாடிக் குடியிருப்புகளில் நடக்கும் போதை வியாபாரம். இரண்டாவது, வேலை குறைந்துபோன துறைமுகத் தொழிலாளர்கள். மூன்றாவது, நகரத்தின் அரசியல். நான்காவது, பாடசாலை. ஐந்தாவது, பத்திரிகை. இன்று உலகத்தின் மிகச் சிறந்த தொலைக்காட்சி நாடகங்களைப் பட்டியலிடும்போது இதன் பெயர் விடுபடுவதில்லை. ஆனால் ஒளிபரப்பான காலத்தில் ஓர் எமி விருதுகூட இதற்குக் கிடைக்கவில்லை.

பெயரில்லாத ஒரு பெண்ணுக்காக

இந்த நாடகத்தை நாங்கள் மூவரும் ஏன் இவ்வளவு நேசித்தோம் என்று சொல்ல ஒரு சம்பவம் போதும்.

இரண்டாம் பாகத்தின் தொடக்கத்தில், துறைமுகத்தில் இறக்கப்பட்ட ஒரு கொள்கலனுக்குள் 13 பெண்களின் உடல்கள் கிடக்கின்றன. பிழைப்புத் தேடிப் பிற நாட்டிலிருந்து களவாகக் கொண்டுவரப்பட்டவர்கள். காற்று வரும் வழி அடைபட்டு இறந்துபோனார்கள். அவர்களைக் கண்டுபிடிப்பவளும் ஒரு பெண்தான். துறைமுகக் காவலில் இருக்கும் பீடி என்பவள், இரண்டு பிள்ளைகளின் தாய். அதற்கு முன்னரே இன்னொரு பெண்ணின் உடல் கடலில் மிதந்து வந்திருக்கிறது.

மக்நல்ரி என்ற துப்பறியும் அதிகாரிதான் நாடகத்தின் முக்கிய பாத்திரம். கெட்டிக்காரன், ஆனால் குடிகாரன். மனைவியைப் பிரிந்தவன், மேலதிகாரிகளோடு சண்டைக்காரன். அவன் கடலில் மிதந்த அந்தப் பெண்ணின் பெயரைத் தேடித் திரிகிறான். அது அவனுடைய வேலை அல்ல, அதனால் அவனுக்கு ஒரு பதவி உயர்வும் இல்லை. அவளுக்கும் எங்கேயோ ஒரு குடும்பம் இருக்கும், அவர்களிடம் உடலை ஒப்படைக்க வேண்டும் என்பது மட்டுமே அவனுடைய எண்ணம். கடைசிவரை பெயர் கிடைக்கவில்லை. மருத்துவ மாணவர்களின் படிப்புக்கென்று உடலைக் கொடுத்துவிட வேண்டியதாகிறது. மிகச் சிறிய கிளைக்கதைதான். ஆனால் அன்றிரவு மாமி வெற்றிலை போடவில்லை. ஒன்றும் பேசாமல் எழும்பிப் போனார். காணாமல் போனவர்களின் பெயரையும் படத்தையும் கையில் வைத்துக்கொண்டு வாசல் வாசலாக நின்ற எமக்கு, பெயர் தெரியாத ஓர் உடலுக்காக அலையும் பொலிஸ்காரன் ஒருவனைக் காண்பது எப்படியிருக்கும் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

நான்காம் பாகம் இன்னும் உயரத்துக்குப் போகிறது. மைக்கல், நேமண்ட், ரண்டி, டூக்கி என்ற நான்கு சிறுவர்கள். எட்டாம் வகுப்பு மாணவர்கள். நால்வரும் நல்ல பிள்ளைகள். அந்தப் பாகம் முடியும்போது நேமண்ட் ஒருவன் மட்டுமே தப்பிக் கரையேறுகிறான். அதுவும் முன்னாள் பொலிஸ் அதிகாரி ஒருவர் அவனைத் தன் வீட்டில் ஏற்று வளர்ப்பதால்தான். மற்ற மூவரையும் தெரு தின்னத் தொடங்குகிறது. அதே பாகத்தின் முடிவில், ஆளில்லாமல் பலகை அடித்து மூடப்பட்ட வீடுகளுக்குள் ஒவ்வொன்றாக உடல்கள் கண்டெடுக்கப்படுகின்றன. மொத்தம் 22. மார்லோ என்ற இளம் வியாபாரியின் ஆட்கள் கொன்று ஒளித்தவர்கள். 22 பேர் ஒரு நகரத்தின் நடுவே மறைந்துபோயிருக்கிறார்கள், ஒருவரும் பெரிதாகத் தேடவில்லை. நாடகம் முன்வைத்த கேள்வி இதுதான்.

பாயசத்தில் விழுந்த உப்பு

இனி ஐந்தாம் பாகம். 2008 ஜனவரியில் தொடங்கியது. முந்திய பாகங்கள் 12, 13 அத்தியாயங்கள் நீளமானவை. இது 10 தான்.

தொடக்கம் சரியாகத்தான் இருக்கிறது. நகர மேயரிடம் பணமில்லை. பாடசாலைகளின் பற்றாக்குறை மட்டும் 5 கோடி 40 இலட்சம் டொலர். மாநில ஆளுநரிடம் கைநீட்டினால் தனது அரசியல் எதிர்காலம் கெட்டுவிடும் என்று மேயர் அந்த உதவியை மறுத்திருந்தார். விளைவாகப் பொலிஸாருக்கு மேலதிக நேரக் கொடுப்பனவு இல்லை, வாகனங்கள் பழுது. அந்த 22 கொலைகளின் விசாரணையும் நிறுத்தப்படுகிறது. இறந்தவர்கள் ஏழைக் கறுப்பின இளைஞர்கள், யார் கேட்கப்போகிறார்கள்?

பீடியோடு குடும்பமாகி, குடியையும் நிறுத்தியிருந்த மக்நல்ரி இந்த ஆத்திரத்தில் மீண்டும் குடிக்கத் தொடங்குகிறான். பிறகு ஒரு காரியம் செய்கிறான். வீடில்லாமல் தெருவில் வாழ்ந்து, நோயாலோ போதையாலோ தானாக இறந்துபோன மனிதர்களின் உடல்களில் கழுத்து நெரிக்கப்பட்ட அடையாளங்களை உண்டாக்குகிறான். வீடற்றவர்களைத் தேடித் தேடிக் கொல்லும் ஒரு கொடியவன் நகரத்தில் திரிகிறான் என்று கதை கட்டுகிறான். நகரம் பயந்தால் பணம் வரும், அந்தப் பணத்தை மார்லோவின் விசாரணைக்குத் திருப்பிவிடலாம் என்பது திட்டம். நாலு பாகங்களிலும் நிதானத்துக்கும் பொறுமைக்கும் உதாரணமாக இருந்த மூத்த அதிகாரி லெஸ்ரர் அவனைத் தடுப்பார் என்று பார்த்தால், பொய்யை இன்னும் கெட்டியாக்க வழி சொல்லிக்கொடுக்கிறார்!

அதே நேரம் பத்திரிகைக் காரியாலயத்தில் ரெம்பிள்ரன் என்ற செய்தியாளன் பெயரெடுக்கும் அவசரத்தில் கதைகளைச் சோடித்துக்கொண்டிருக்கிறான். இல்லாத கொலைகாரன் தனக்குத் தொலைபேசியில் பேசினான் என்று எழுதுகிறான். ஒரு பொய் இன்னொரு பொய்யைத் தாங்கிப் பிடிக்கிறது. நகரம் கலங்குகிறது, பணமும் வருகிறது.

மூன்றாவது அத்தியாயத்தோடு மாமி ஒரு கேள்வி கேட்டார். "பிள்ளை, உவன்தானே அண்டைக்கு அந்தப் பொம்பிளையின்ர பேரைத் தேடித் திரிஞ்சவன்? இப்ப ஏன் உந்தப் பிரேதங்களோட விளையாடுறான்? உதுகளுக்கும் ஒரு தாய் இருந்திருப்பாள் எல்லே?"

எனது முழு ஏமாற்றமும் மாமியின் அந்தக் கேள்விக்குள் அடங்கிவிட்டது. இதற்கு மேல் நான் எழுதுவது விளக்கவுரைதான்.

மூன்று குறைகள்

முதலாவது, நம்பகம். பத்திரிகைப் பொய் நடக்காத காரியமல்ல. பால்ரிமோருக்கு அருகிலுள்ள வோஷிங்டனில் 1980இல் அது நடந்தே இருக்கிறது. 'வோஷிங்டன் போஸ்ட்' பத்திரிகையில் ஜனற் குக் என்ற செய்தியாளர், எட்டு வயதிலேயே ஹெரோயினுக்கு அடிமையான ஒரு சிறுவனைப் பற்றி எழுதினார். நகரமே அதிர்ந்தது. பொலிஸார் அந்தப் பிள்ளையைத் தேடினார்கள். 1981இல் அந்தக் கட்டுரைக்குப் புலிற்சர் பரிசும் கிடைத்தது. பிறகுதான் அப்படி ஒரு சிறுவனே இல்லை என்பது வெளியாகிப் பரிசு திருப்பிக் கொடுக்கப்பட்டது. ஆகவே ரெம்பிள்ரனை நம்பலாம். ஆனால் ஒரு கெட்டிக்காரப் பொலிஸ்காரனும் நிதானமான ஒரு மூத்தவரும் சேர்ந்து, இத்தனை பிரேத பரிசோதனைகளையும் இத்தனை அதிகாரிகளையும் தாண்டி, இல்லாத கொலைகாரனை உண்டாக்கினார்கள் என்பதை எப்படி நம்புவது? ஒரு கடதாசியில் கையெழுத்து வாங்கவே மூன்று அத்தியாயங்கள் செல்லும் என்று எமக்குக் காட்டிய நாடகம் இது. இங்கே எல்லாம் தண்ணீர்போல் ஓடிவிடுகிறது.

இரண்டாவது, மனிதர்களை அளந்த கோல் மாறிவிட்டது. முதல் நாலு பாகங்களிலும் கெட்டவன் என்று ஒருவனை ஒதுக்கிவிட முடியாது. கொலைகாரனுக்கும் ஒரு நியாயம் இருக்கும், நல்லவனுக்கும் ஓர் அழுக்கு இருக்கும். ஐந்தாம் பாகத்தின் பத்திரிகை மேலாளர்களுக்கு அந்தக் கருணை கிடைக்கவில்லை. பரிசுக்கு ஆசைப்படும் வெறும் பொம்மைகளாக நிற்கிறார்கள். கஸ் என்ற நேர்மையான நகரச் செய்தி ஆசிரியரோ குறையே இல்லாதவர். சைமன் தான் வேலை செய்த இடத்தைப் பற்றி எழுதும்போது பழைய மனக்கசப்பு பேனாவுக்குள் இறங்கிவிட்டது என்று அமெரிக்க விமர்சகர்கள் அப்போதே எழுதினார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. எமக்குத் தீங்கு செய்தவர்களைப் பற்றி எழுதும்போதுதான் எமது கை அதிகம் நடுங்காமல் இருக்க வேண்டும். அது மிகக் கடினம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

மூன்றாவதுதான் பெரியது. இறந்தவர்கள். மக்நல்ரி தொட்ட ஒவ்வொரு உடலும் ஒரு மனிதனுடையது. கீமா என்ற பெண் அதிகாரி, கதை பொய்யென்று அறியாமல், அவர்களுடைய உறவினரைத் தேடிச் சென்று விசாரித்து வருகிறாள். தம் பிள்ளை வதைபட்டுச் செத்தான் என்று அந்தக் குடும்பங்கள் நினைத்திருக்கும். அவளுடைய முகத்தைப் பார்த்துத்தான் மக்நல்ரியின் மனச்சாட்சி குத்துகிறது, அவளிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறான். நாடகத்தின் இருதயம் இங்கேதான் இருந்திருக்க வேண்டும். ஆனால் அந்தக் குடும்பங்களுக்குக் கிடைத்தது சில நிமிடங்கள். எப்போது பிடிபடுவார்கள் என்ற விறுவிறுப்புக்கும் பகிடிக்கும் கிடைத்ததோ பல மணித்தியாலங்கள்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். சைமன் தரப்பு நியாயம் ஒன்று உண்டு. அந்தப் பத்திரிகை எதை எழுதியது என்பதைவிட எதைத் தவறவிட்டது என்று பாருங்கள் என்பதே அது. உண்மைதான். நாடகத்தின் புகழ்பெற்ற பாத்திரமான ஓமார், ஒரு சிறு கடையில் ஒரு சின்னப் பையனின் கையால் சுடப்பட்டு இறக்கிறான். பத்திரிகையில் அதற்கு இடமில்லை, விடப்படுகிறது. சவச்சாலையில் அவனுடைய பெயர்த் துண்டுகூடப் பக்கத்து உடலோடு மாறிக் கிடக்கிறது. இல்லாத கொலைகாரனுக்கு முதற் பக்கம், உள்ள மரணத்துக்கு ஒரு வரியும் இல்லை. உண்மையான பால்ரிமோரில் 2007ஆம் ஆண்டு மட்டும் 282 பேர் கொல்லப்பட்டார்கள். அதில் எத்தனை பேருடைய பெயர் அந்த நகரத்துக்கு நினைவிருக்கும்? ஓமார் இறக்கும் அந்த அத்தியாயத்துக்காக ஐந்தாம் பாகத்தை அரைவாசி மன்னித்தேன். ஆனாலும் அதைச் சொல்ல இவ்வளவு பெரிய பொய்க்கதை தேவைப்பட்டிருக்கவில்லை.

சொக்லேற் பால்

ஒரு காட்சி என்னை நித்திரை கொள்ள விடவில்லை.

ஈராக் யுத்தத்திலிருந்து திரும்பி, இப்போது தெருவில் வாழும் முன்னாள் படைவீரர் ஒருவர். ரெம்பிள்ரன் அவரைக் கண்டு பேசி ஒரு கட்டுரை எழுதுகிறான். நல்ல கட்டுரை என்று எல்லோரும் மெச்சுகிறார்கள். அந்த மனிதரோ கோபத்தோடு காரியாலயத்துக்கே வந்துவிடுகிறார். தான் சொல்லாததை எழுதியிருக்கிறான் என்பது முறைப்பாடு. அன்று அவர்கள் குடித்துக்கொண்டிருந்தது கோப்பி என்று கட்டுரையில் இருக்கிறது. அது கோப்பி அல்ல, சொக்லேற் பால் என்கிறார் அவர். கேட்பவர்களுக்கு இது ஒரு சின்ன விசயம். அவருக்கோ அந்த நாளில் அவருடையதாக மிஞ்சியிருப்பது அந்தப் பால் ஒன்றுதான். அதையும் மாற்றிவிட்டால்?

தோழியரே, இவ்விடத்தில் என்னைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இதுவரை இந்தப் பக்கத்தில் எழுதாதது.

2010இல் நான் மீள்குடியேறிய குடும்பங்களின் விபரங்களைப் பதியும் வேலையில் இருந்தேன். வெளிநாட்டிலிருந்து ஒரு குழு வந்தது. மொழிபெயர்ப்புக்கு என்னை அழைத்தார்கள். ஒரு அக்கா, கணவரை இழந்தவர், நாலு வயது மகளோடு தறப்பாள் கொட்டிலில் இருந்தார். அழாமல், நிதானமாகச் சொன்னார். இடம்பெயர்ந்து போகும்போது வீட்டில் விட்டுவிட்டு வந்த தையல் மெசினை எடுக்கவென்று கணவர் திரும்பிப் போனார். போனவர் வரவில்லை. செல் விழுந்தது. அவ்வளவுதான்.

கேட்டுக்கொண்டிருந்தவரின் முகத்தில் ஓர் அசைவும் இல்லை. குறிப்புப் புத்தகத்தை மூடப் போனார். எனக்குப் பதறியது. இந்த அக்காவுக்கு உதவி கிடைக்காமல் போய்விடுமோ என்று நினைத்தேன். தையல் மெசின் என்று சொல்ல வேண்டிய இடத்தில், பிள்ளைக்கு மருந்து எடுக்கப் போனார் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். ஒரேயொரு சொல் மாற்றம். அவர் நிமிர்ந்து பார்த்தார். மறுபடி எழுதினார். படம் எடுத்தார்கள். உதவியும் வந்தது. நான் ஒரு நன்மை செய்துவிட்டதாகவே பல வருடங்கள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் குழு பின்னர் அச்சடித்து அனுப்பிய சிறு பிரசுரத்தை அக்கா மற்றக் கடதாசிகளோடு சேர்த்துக் கோவையில் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார், தம் படம் இருக்கிறதே என்று. மகள் வளர்ந்து ஆங்கிலம் படித்தாள். பதினைந்து வயதில் ஒருநாள் அதை எடுத்து வாசித்திருக்கிறாள். தாயிடம் கேட்டாளாம்: "அம்மா, அப்பா எனக்கு மருந்து எடுக்கப் போயோ செத்தவர்?"

அக்கா என்னைத் தேடி வந்தார். சண்டைக்கு வரவில்லை. "நான் அப்படிச் சொல்லேல்லையே தங்கச்சி, ஏன் அப்படி எழுதியிருக்கு?" என்று மட்டும் கேட்டார். அவருடனேயே போய், அந்தப் பிள்ளையை இருத்தி, அது நான் சேர்த்த சொல் என்று சொன்னேன். அவள் நம்பினாள் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் தன்னால்தான் தகப்பன் இறந்தார் என்ற எண்ணத்தோடு அவள் எத்தனை இரவு படுத்திருப்பாள் என்று என்னால் கணக்கிட முடியவில்லை.

நானும் மக்நல்ரியைப் போலவே நினைத்திருந்தேன். உண்மையை ஒருவரும் கேட்கிறார்களில்லை, ஒரு சொல்லைக் கூட்டினால் கேட்பார்கள், நோக்கம் நல்லதுதானே என்று. ஆகவே அவன்மீது எனக்கு வந்த கோபத்தில் பாதி என்மீது வந்தது. நாடகக்காரர்மீது வந்த மனத்தாங்கலுக்கும் காரணம் அதுவே. சொக்லேற் பாலின் பெறுமதி தெரிந்தவர்கள், பிரேதங்களைச் சோடித்ததால் எந்த வீட்டில் எந்தப் பிள்ளை நித்திரையில்லாமல் கிடந்தது என்று ஏன் காட்டவில்லை?

மேசைக்கு வந்த மனிதன்

இதே ஐந்தாம் பாகத்தில் நான் மறக்க விரும்பாத இரண்டு காட்சிகளையும் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று டூக்கி. நான்காம் பாகத்தின் கெட்டிக்காரப் பிள்ளை. வீடில்லாமல், பழைய இரும்பு பொறுக்குபவனோடு திரியும் நிலைக்கு வந்துவிட்டான். தன் பழைய ஆசிரியரைத் தேடிவந்து, படிப்பைத் தொடரப் போவதாகச் சொல்லிக் காசு கேட்கிறான். ஆசிரியருக்குச் சந்தேகம். ஆனாலும் கொடுக்கிறார். அவன் எங்கே போகிறான் என்று வாகனத்தில் இருந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் திரும்புகிறார். அந்தச் சிறுவனின் சின்னப் பொய்யில் இருந்த வலியில் பத்தில் ஒரு பங்கு மக்நல்ரியின் பெரிய பொய்யில் இல்லை.

மற்றது பபிள்ஸ். முதலாம் பாகத்திலிருந்து போதைக்கு அடிமையாகி, குப்பை வண்டி தள்ளி, பொலிஸாருக்குத் தகவல் சொல்லிப் பிழைத்தவன். போதையை விட்டுவிட்டான். தங்கை வீட்டின் நிலக்கீழ் அறையில் இருக்க இடம் கொடுத்திருக்கிறாள். மேலே வீட்டுக்குள் வர அனுமதியில்லை, கதவு பூட்டியிருக்கும். முன்பு அவன் களவெடுத்தவன், அவளைக் குறை சொல்ல முடியாது. அவனைப் பற்றி எழுத வருகிறான் ஃபிளெச்சர் என்ற இன்னொரு செய்தியாளன். நாட்கணக்காக அவனோடு நடக்கிறான். கேட்கிறான். எழுதியதை அச்சுக்கு அனுப்பும் முன் அவனிடம் காட்டுகிறான். வெளியிட வேண்டாமென்றால் விட்டுவிடவும் தயாராக இருக்கிறான். பபிள்ஸ் தயங்குகிறான், தன் நண்பனிடம் ஆலோசனை கேட்கிறான், பிறகு சம்மதிக்கிறான்.

கடைசி அத்தியாயத்தில் கணக்குத் தீர்க்கப்படுகிறது. பொய் எழுதிய ரெம்பிள்ரனுக்குப் புலிற்சர் பரிசு. அவனைச் சந்தேகித்த கஸ் பதவியிறக்கப்படுகிறார். மேயர் ஆளுநராகிறார். மக்நல்ரியும் லெஸ்ரரும் சிறைக்குப் போகவில்லை. விசயம் வெளியே வந்தால் எல்லோருக்கும் அவமானம் என்பதால் மூடிமறைத்து, அவர்களை வேலையிலிருந்து விலக்கிவிடுகிறார்கள். மார்லோ சுதந்திரமாக நடந்து போகிறான். ஆக, பொய்யால் அந்த 22 பேருக்கும் நீதி கிடைக்கவில்லை. பொய்க் கொலைகாரனைப் பார்த்து இன்னொருவன் உண்மையாகவே கொன்றதுதான் மிச்சம்.

அதே அத்தியாயத்தில், நிலக்கீழ் அறையின் படியேறி வருகிறான் பபிள்ஸ். கதவு திறந்திருக்கிறது. தங்கையின் சாப்பாட்டு மேசையில் அமர்ந்து சாப்பிடுகிறான். அவ்வளவுதான் காட்சி. பேச்சே இல்லை. மாமி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உது ஒண்டு காணும்" என்றார்.

ஆகவே, ஐந்தாம் பாகம் தோற்றுப்போனதா? என்னைக் கேட்டால், பெரிய கதையில் தோற்றது, சின்னக் கதையில் வென்றது. முதல் நாலு பாகங்களையும் பார்க்கக் கிடைத்தால் தவறவிடாதீர்கள். ஐந்தாவதையும் பாருங்கள், ஆனால் டூக்கிக்காகவும் பபிள்ஸுக்காகவும் பாருங்கள்.

எம்மிடம் கதை கேட்டு இன்னும் பலர் வருவார்கள். குறிப்புப் புத்தகத்தோடும் கமராவோடும் வருவார்கள். இன்னும் கொஞ்சம் கூட்டிச் சொன்னால் நல்லது என்று சொல்லுபவர்கள் எம்மவரிலேயே இருப்பார்கள். நீங்கள் எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டுங்கள் என்று கேட்க எமக்கு உரிமை உண்டு. ஃபிளெச்சர் பபிள்ஸுக்குச் செய்ததை எமக்கும் செய்யச் சொல்லிக் கேட்கலாம். தையல் மெசின் என்றால் தையல் மெசின்தான். அதற்காகத் திரும்பிப் போன மனிதனின் மரணம் எந்த விதத்திலும் குறைந்த மரணமல்ல. அந்த மெசினில் தைத்துத்தான் அவன் மனைவி குடும்பத்துக்குச் சோறு போட்டாள். இதை நான் அன்று அந்த வெளிநாட்டவருக்கு விளங்கப்படுத்தியிருக்கலாம். அது என் ஆங்கிலத்துக்கு எட்டாத வேலையல்ல. எனக்குத்தான் பொறுமை இருக்கவில்லை.

அடுத்த மாதம் சந்திப்போம்.